மேலுதட்டின் உள்ளே ஒரு மேடு

பல் முகாமுக்குப் போனால் முதலில் வாயைத் திறக்கச் சொல்ல மாட்டேன். மூடச் சொல்வேன். பிள்ளைகளிடம் "கடிச்சுக் காட்டு" என்றால் முன்பல்லோடு முன்பல்லை முட்டவைத்துச் சிரிப்பார்கள். அது அவர்களுடைய கடி இல்லை. "எச்சிலை முழுங்கு, அப்படியே கடவாப் பல்லால கடி" என்றால்தான் தாடை தன் இடத்துக்குப் போகும். பல்வரிசை கோணலா, கோணல் எவ்வளவு, வைத்தியம் வேண்டுமா என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

திருப்போரூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் வராந்தாவில், வெயில் நேராக வாய்க்குள் விழும்படி நாற்காலியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கந்தசாமி கோயிலில் மொட்டை போட்ட சந்தனம் இன்னும் தலையில் காயாத ஒரு பையன், அவன் அக்கா, அம்மா மூவரும் வந்தார்கள்.

"டாக்டர், இவளுக்குப் பாருங்க. தெத்துப்பல்லு. சின்னதுல அழகுன்னாங்க, அதிர்ஷ்டம்னாங்க. இப்ப வயசுக்கு வரப்போற புள்ள. கம்பி போடணுமா? இவனுக்கு ஒண்ணும் இல்ல, பல்லு முத்து மாதிரி இருக்கு."

அக்காவின் கோரைப்பல் பக்கத்துப் பல்லைவிட்டு 3 மி.மீ. விலகியிருந்தது. நாங்கள் பயன்படுத்துகிற அளவுகோல்களில் ஒன்று, இங்கிலாந்தில் புரூக், ஷா இருவரும் 1989-இல் வெளியிட்ட ஐ.ஓ.டி.என். அதில் ஐந்து படிகள். விலகல் 4 மி.மீ.-ஐத் தாண்டினால் நான்காம் படி, வைத்தியம் தேவை. 2-க்கும் 4-க்கும் நடுவே என்றால் மூன்றாம் படி, அதாவது எல்லைக்கோடு. "அவசரம் இல்லைம்மா, சுத்தமா பல் தேய்க்கட்டும், பார்த்துக்கலாம்" என்றேன். அம்மாவுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

பிறகு பையனைக் கூப்பிட்டேன். பத்தரை வயது. பல்வரிசையில் குறை சொல்ல எதுவும் இல்லை. மேலுதட்டைத் தூக்கி, பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈறின் மீது விரலை வைத்து மெல்ல உருட்டிப் பார்த்தேன். இந்த வயதில் அந்த இடத்தில் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு மேடு கைக்குத் தட்டுப்பட வேண்டும். இறங்கி வரப்போகிற கோரைப்பல்லின் மேடு அது. வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் விரல் வழுக்கிக்கொண்டு போனது. அந்தப் பக்கத்துப் பால்பல்லும் துளிகூட ஆடவில்லை.

பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் தெரிந்தது: இடப்பக்கக் கோரைப்பல் அண்ணத்தின் பக்கம் சாய்ந்து, முன்பல்லின் வேரை நோக்கி வந்துகொண்டிருந்தது. முளைக்க வழியில்லாமல் தடைபட்ட பல் அதே அளவுகோலில் ஐந்தாம் படி. அதற்கு மேல் படி கிடையாது. பால்பல்லை அப்போதே எடுத்துவிட்டால் பெரும்பாலும் பாதை திரும்பும். 1988-இல் ஸ்வீடனில் எரிக்சனும் குரோலும் இப்படி வழிதவறிய 46 கோரைப்பற்களைப் பார்த்ததில் 36 சரியான வழிக்கு வந்தன. அந்தப் பால்பல்லை எடுத்தேன்.

விரலை வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்குத் தானாக வரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் பதினோரு வயதுப் பெண் ஒருத்தியின் சீட்டில் "பிரச்சினை இல்லை" என்று எழுதினேன். வரிசை அவ்வளவு நேர்த்தி. மூன்று வருடம் கழித்து முன்பல் ஆடுகிறது என்று வந்தாள். உள்ளே கிடந்த கோரைப்பல் பக்கத்துப் பல்லின் வேரைப் பாதிக்குமேல் தின்றிருந்தது. கண் பார்த்துத் திருப்திப்பட்ட வாய்கள் என்றால்தான் இன்றும் எனக்குப் பயம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்பில் இடம்பெற்ற டி.ஏ.ஐ. என்ற இன்னோர் அளவுகோல் உண்டு. பத்து அளவுகளை அதனதன் எடையால் பெருக்கிக் கூட்டி, 13 சேர்த்தால் ஓர் எண் வரும்; 36-ம் அதற்கு மேலும் வந்தால் வைத்தியம் கட்டாயம். ஆனால் பால்பல் நிற்கிற இடத்தில் பல் இல்லை என்று அது கணக்கில் எடுக்காது. சந்தனத் தலைப் பையன் அந்தக் கணக்கில் நல்ல பிள்ளையாகவே வெளியே போயிருப்பான். ஒரே அளவுகோலை நம்பி உட்காராதீர்கள் என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

அளவுகோலுக்கே பிடிபடாத வலியும் இருக்கிறது. அதே முகாமில் அன்று கடைசியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாயைக் கையால் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் சேர்ந்தே முன்னால் வந்திருந்தன. உதடு தானாக மூடவில்லை. நம் பக்கம் இந்த அமைப்பு சகஜம். நாங்கள் கையில் வைத்திருக்கும், முனையில் அரை மி.மீ. குமிழ் உள்ள கம்பியில் கறுப்புப் பட்டை 3.5 மி.மீ.-இல் தொடங்கும். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே அதை வைத்தால் பட்டையைத் தொடவில்லை. 3 மி.மீ.தான். இரண்டு வரிசைக்கும் இடைப்பட்ட தூரத்தைத்தான் கம்பி அளக்கும்; இரண்டும் முகத்தைவிட்டு எவ்வளவு வந்துவிட்டன என்று அதற்குத் தெரியாது. அழகை மதிப்பிட ஐ.ஓ.டி.என். தருகிற பத்துப் படங்களும் நேரே முன்னாலிருந்து எடுத்தவை. பக்கவாட்டு முகம் அதில் இல்லை. கணக்குப்படி அவளுக்கு முதல் படி, வைத்தியம் வேண்டாம்.

"ஸ்கூல்ல எப்படி இருக்கும்மா?" என்று கேட்டேன்.

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "குரூப் போட்டோல பின்னாடிதான் சார் நிப்பேன். முன்னாடி யாராவது உயரமா இருந்தா நல்லாருக்கும்" என்றாள்.

சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கடிதம் எழுதினேன். முதல் வரியில் 3 மி.மீ. என்றும் முதல் படி என்றும் எழுதினேன். இரண்டாவது வரியில் அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.