மேட்டில் மூன்று சென்ட்

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி உபரிநீரைத் திறக்கும்போதெல்லாம் வெள்ள எச்சரிக்கை வரும். சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று ஊர்ப் பெயர்கள் அதில் இருக்கும். திருமுடிவாக்கத்தில் நாற்பது வருஷமாக நெல் வைக்கும் பெரியவருக்கு அந்த வரிசை மனப்பாடம். அதனால்தான் மாப்பிள்ளை கொண்டுவந்த மனை விளம்பரத்தைப் பார்த்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வாசலில் கால்வாய், கரையெல்லாம் மரம், ஓரத்தில் கொக்கு. கடற்கரைச் சாலையில் உப்பங்கழியை ஒட்டி வீடு விற்கிற மாதிரியே இங்கேயும். படம் அழகுதான். தண்ணீர் எங்கிருந்து வந்து எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் அதில் இல்லை. இப்படிப்பட்ட படங்களில் அதைப் போடுவதும் இல்லை.

பெண் கொடுத்த இடத்தில் முகத்துக்கு நேரே மறுக்க முடியுமா? "ஒரு நடை பார்த்துட்டு வந்துடலாம் மாப்ளே" என்று மட்டும் கூப்பிட்டார்.

மனை இருந்த இடம் ரோட்டைவிட இடுப்பளவு பள்ளம். பாதிக்கு மண் கொட்டியிருந்தார்கள். கொட்டாத ஓரத்தில் கோரை அடர்ந்து நின்றது. "கோரை நிக்கிற இடத்துல தண்ணி நிக்கும்" என்றவர், தன் மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். 2015 டிசம்பர் முதல் தேதி ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது ஏறிய சேற்றுக்கோடு சுவரில் இன்னும் இருக்கிறது. மாப்பிள்ளையின் நெஞ்சு உயரம். 24 அடிக்கு 3,645 மில்லியன் கன அடி பிடிக்கிற ஏரி அது. நிரம்பினால் அடையாற்றில்தான் இறங்கியாக வேண்டும்.

"அப்ரூவல் இருக்குன்னு சொல்றாங்களே மாமா?"

"இருக்கட்டும். புலப்படத்தையும் ஒரு தரம் பார்த்துடுங்க."

சர்வே நம்பரைப் போட்டு மாப்பிள்ளை செல்போனிலேயே எடுத்தார். மனையை ஒட்டி ஒரு வாய்க்கால் போனது. நேரில் அந்த இடத்தில் சிமென்ட் ரோடு.

நத்தம் மேட்டில், நஞ்சை பள்ளத்தில், நடுவே வாய்க்கால். இந்தப் பக்கத்து ஊர்களின் பழைய திட்டம் அதுதான். 2015-லும் பெரியவர் வீட்டில் வாசற்படியோடு தண்ணீர் நின்றுவிட்டது. பயிர் மொத்தமும் போனது. அதை மறுபோகம் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது அவரே பேச்செடுத்தார். "நம்ம மாட்டுக் கொட்டகை இடம் மூணு சென்ட் தேறும். பொண்ணு பேருக்கு எழுதிடறேன். வேணாம்னு சொல்லாதீங்க."

மாப்பிள்ளை இன்னும் பதில் சொல்லவில்லை. அட்வான்ஸ் கொடுக்கிற தேதி மட்டும் தள்ளிப்போயிருக்கிறது. மாடுகளை இனி எங்கே கட்டுவது என்று மாமியார் கேட்டுக்கொண்டிருக்கிறார்.