பெயரில்லாத கடைகள்

குடியை வெறுக்கும் நாம் குடிக்கடைகளை நினைவுகூர்வது தகுமோ என்று நேயர்கள் கேட்கலாம். கேட்கட்டும். ஒரு நகரத்தின் சரித்திரத்தில் கோயிலுக்கும் பள்ளிக்கும் இடமுண்டெனில், மாலை வேளையில் அந்நகரத்தார் எங்கே போய் உட்கார்ந்தனர் என்பதற்கும் இடமுண்டு. எவர் குடித்த இடம் நினைவில் வைக்கப்பட்டது, எவர் குடித்த இடம் மறக்கப்பட்டது என்று கணக்குப் பார்த்தால், குடியைக் காட்டிலும் பெரிய விஷயம் ஒன்று அதில் அகப்படும்.

சிங்கப்பூரில் துரைமார் குடித்த இடங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. கடற்கரைத் திடலை நோக்கி நின்ற யூரோப் ஹோட்டல் 1936-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது; அந்த மனையில் உச்ச நீதிமன்றம் எழுந்து 1939-ல் திறக்கப்பட்டது; 2015 முதல் அக்கட்டடம் தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதி. மதுக்கிண்ணம் ஏந்திய இடத்தில் நீதி தேவதை நின்றாள். அவளும் நகர்ந்துகொள்ள, இப்போது ஓவியங்கள் தொங்குகின்றன. கோல்மன் வீதியின் அடெல்பி ஹோட்டலை 1980-ல் தரைமட்டமாக்கினர். ஆயினும் அங்கே எழுந்த புதிய கட்டடம் அந்தப் பழம்பெயரையே சூடிக்கொண்டது. உடல் போயும் பெயர் போகவில்லை.

ராபிள்ஸ் ஹோட்டலின் கதை இதற்கு நேர்மாறானது. ஆர்மீனியரான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887-ல் தொடங்கிய அவ்விடுதிக்கு, ஜப்பானியர் ஆட்சியில் உடல் அப்படியே இருக்கப் பெயர் மட்டும் போயிற்று. ஊருக்கே சியோனான் என்று பெயர் மாற்றியவர்கள், அதனைச் சியோனான் ரியோகான் என்றழைத்தனர். 1945-ல் அவர்கள் தோற்றதும் பழைய பெயர் திரும்பியது. அங்கே பரிமாறிய ஙியாம் தோங் பூன் என்ற ஹைனானியர் 1915-ஆம் ஆண்டையொட்டிக் கலந்த ஒரு பானத்திற்குக்கூடப் பெயரும் பிறப்புக் கதையும் உண்டு. கோலாலம்பூரில் 1884-ல் ஏற்பட்ட சிலாங்கூர் கிளப்பிற்கோ, சொந்தப் பெயர் போதாதென்று 'புள்ளி நாய்' என்ற செல்லப்பெயரும் சேர்ந்தது!

நம்மவர் குடித்த இடத்திற்கு என்ன பெயர்? கள்ளுக்கடை. அவ்வளவுதான். நகரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கடைகள் இருந்தால், "ரயிலடிக் கடை", "ஆற்றோரக் கடை" என்று பக்கத்திலிருந்ததைச் சொல்லிப் பிரித்தறிவார்கள். தகரக் கூரை, தேய்ந்த பலகைகள், கம்பியடைத்த சாளரம், அதனூடே நீளும் கைகள், புளித்த வாடை. அதற்குமேல் ஒரு பெயர்ப்பலகை வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. சிங்கப்பூரில் 1970-களின் இறுதியில் அவை மறைந்தபோது எடுத்து வைக்கப் பலகையும் இல்லை. புதிய கட்டடத்திற்குச் சூட்டப் பெயரும் இல்லை.

தோட்டத்தில் பிறந்த நாம் அக்கடையை வெளியே நின்று அறிந்தவர்கள். சம்பள நாள் மாலையில் பெண்கள் பாதையோரத்தில் நிற்பார்கள். உள்ளே போகக் கூச்சம். ஆகவே பிள்ளைகளை அனுப்புவார்கள். "ஐயா, போய் அப்பாவைக் கூட்டி வா. காசு மிச்சம் இருக்கும்போதே கூட்டி வா" என்று நம் அன்னையார் சொல்லிய சொல் இன்றும் காதில் நிற்கிறது. கூலி கொடுக்கும் கிராணியின் மேசையிலிருந்து கடைக்குச் சிறுபிள்ளையின் நடையில் இருநூறு அடிகூட இராது. அத்தனை அருகில் அதனை வைத்தவர் எவரோ, அவர் கணக்கறிந்தவர்.

தென்னம்பாளையிலிருந்து சொட்டும் சாறு விடியலில் தேனாய் இனிக்கும். காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதி அதனுள் வேலை செய்யச் செய்ய, நண்பகலில் நுரைத்து, மாலையில் உறைத்து, மறுநாள் காடியாகிவிடும். கள் காத்திராது, அன்றே விற்க வேண்டும், அன்றே குடிக்க வேண்டும். அன்றாடங் காய்ச்சிகளுக்கு ஏற்ற அன்றாடச் சரக்கு. தோட்ட நிர்வாகமே உரிமம் பெற்றுக் கடை நடத்தியதும், அதன் இலாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிடுவதாகச் சொல்லிக்கொண்டதும் இந்நாட்டின் விநோதங்களில் ஒன்று. ஒருவன் தன் மக்களின் பாலைக் குடித்துத் தீர்த்தால், அதிலிருந்து அம்மக்களுக்கே பந்து வாங்கித் தருவார்களாம்!

நம் மக்கள் இதை உணராதிருந்தனர் என்று எவரும் எண்ண வேண்டா. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டிறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்ற கோரிக்கைகளோடு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. குடிப்பவர்களே கடையை மூடச் சொன்னார்கள்! விடையாகப் பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, முன்னின்ற ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். 1947-ல் கெடாவில் தொண்டர் படையினர் மறியல் செய்தபோதும் பிடோங் வட்டாரத்தில் போலீசாரோடு மோதல் நேர்ந்தது. கள்ளுக்கடைக்குப் பெயர் இல்லாவிடினும் காவல் மட்டும் பலமாகவே இருந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நமக்கு ஒவ்வாததொன்றையும் சொல்லியாக வேண்டும். லயத்தில் ஆண்மக்கள் நாலு பேர் கூடி உட்கார வேறு இடம் இருந்ததில்லை. ஊரிலிருந்து வந்த கடிதத்தை எழுத்தறிந்தவர் ஒருவர் அந்தப் பலகையில் அமர்ந்துதான் படித்துக் காட்டுவார். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அங்கே பேசி முடிந்தன. நல்லதங்காள் கதையைப் பாடக் கேட்டு அழுதவர்களும் அங்கேயே அழுதார்கள். நம் தந்தையார் வீட்டில் பேசா மனிதர். கம்பிச் சாளரத்திற்கு வெளியே நின்ற நாம் அவர் சிரித்ததைக் கேட்டது அக்கடையில்தான்.

நம் தோட்டத்துக் கடை மூடப்பட்டபோது அன்னையார் மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சி ஒரு மாதம் நீடித்தது. சாலைக்கு அப்பால் மளிகைக் கடையில் சிறு புட்டிகளில் சம்சு கிடைத்தது. கள்ளைவிடப் பன்மடங்கு கடுமையானது. மாலையில் மூடும் நேரம் அதற்கில்லை, மறுநாள் காடியாகும் இயல்பும் இல்லை, சட்டைப் பைக்குள் அடங்கும். அதற்குப் பலகை வேண்டியதில்லை, கூட்டாளியும் வேண்டியதில்லை. தந்தையார் லயத்தின் பின்புறம் வாய்க்காலோரம் தனியே அமர்ந்து குடித்தார். கூட்டி வர நம்மை எவரும் அனுப்பவில்லை, வீட்டிலேயே இருந்தாரல்லவா? மூன்றாம் ஆண்டு ஈரல் கெட்டு இறந்தார்.

தோட்டமும் பின்னர்த் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாயிற்று. கடை இருந்த இடத்தில் இப்போது மின்சார வாரியத்தின் சிறு கொட்டகை ஒன்று நிற்கிறது. அதன் கதவில் ஓர் எண் எழுதியிருக்கிறது.