ரெண்டு பேரும் ஒரே வண்டியில்

தம்பதிக்குச் சேர்த்து ஒரே பாலிசி போட்டால் பிரீமியம் மிச்சம் என்று ஒரு பேச்சு இப்போது பரவியிருக்கிறது. போனில் வயதைத் தட்டினால் இரண்டு நிமிடத்தில் விலைப்பட்டியல் வந்துவிடுகிறது. எது குறைவோ அதை அழுத்திப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அண்மையில் ஒரு கல்யாணப் பந்தியில், ஐ.டி. வேலையில் இருக்கும் பையன் ஒருவன், "அங்கிள், இதுக்கெல்லாம் இனிமே ஏஜண்ட் எதுக்கு?" என்று நேருக்கு நேர் கேட்டான். சாப்பிடும் இடத்தில் பதில் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

புருஷனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, தனித்தனியாகப் போடுங்கள். வாழ்நாள் முழுக்க இதே வேலையைச் செய்தவனின் முடிவு இது. ஜாயின்ட் பாலிசி மேல் எனக்கு விரோதம் இல்லை. எல்.ஐ.சி.யின் ஜீவன் சாத்தியை, டேபிள் 89, மனம் விரும்பி விற்றிருக்கிறேன். இருவரில் ஒருவர் போய்விட்டால் காப்புத்தொகை உடனே வரும். அதன் பிறகு பிரீமியம் கிடையாது. இருப்பவர் பெயரில் பாலிசி தொடரும். முதிர்வில் காப்புத்தொகை இன்னொரு முறை போனசோடு வரும். சம்பளத்தில் பிடித்தம் செய்துகொண்ட வாத்தியார் தம்பதிகள் பலருக்கு அது நன்றாகப் பொருந்தியது. அது எண்டோமென்ட், முதிர்வில் பணம் திரும்பும் சேமிப்புப் பாலிசி. இப்போது அது விற்பனையிலேயே இல்லை.

இன்று ஜாயின்ட் என்று டேர்ம் பாலிசிகளும் விற்கப்படுகின்றன, குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் பணம் தருபவை. அதில் ஒரு ரகம், முதல் மரணத்தோடு பணம் கொடுத்துக் கணக்கை முடித்துவிடும். இருப்பவருக்கு அப்போது ஐம்பது வயது, சர்க்கரையும் பிரஷரும் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய பாலிசி கேட்டுப் போனால் எக்ஸ்ட்ரா பிரீமியம் கேட்பார்கள், அல்லது மறுத்துவிடுவார்கள். பாதுகாப்பு மிக அவசியமான நாளில் கையில் காப்பு எதுவுமிருக்காது. இன்னொரு ரகத்தில் இருப்பவருக்குக் காப்பு தொடரும். ஆனால் சில திட்டங்களில் மனைவிக்குக் கணவர் தொகையில் பாதிதான். அவள் அதிகம் சம்பாதிக்கிறவளாக இருந்தாலும் பாதிதான். வயது வித்தியாசம், வேலை பார்க்கும் ஆண்டுகள், அவரவர் தலையில் இருக்கும் கடன் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. டேர்மும் அதற்கேற்ப வேறாக இருக்க வேண்டும். கோர்ட் வரை போய்ப் பிரிந்த தம்பதிகளின் ஒரே பாலிசியை இரண்டாக வெட்டித் தருவது சுலபமில்லை.

இதற்கெல்லாம் மேலே, வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய 1874-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது: திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம். அதன் 6-வது பிரிவின்படி கணவன் தன் உயிர் மேல் எடுக்கும் பாலிசியை மனைவி, பிள்ளைகள் நலனுக்கென்று எழுதிவிட்டால், அது டிரஸ்ட் சொத்து. கடன்காரன் தொட முடியாது. கடன்காரனை ஏமாற்றத்தான் எடுத்தான் என்று நிரூபித்தால் ஒழிய. இந்துக்களுக்கு இது மதராசில் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கே பொருந்தியது. மற்ற இடங்களுக்கு 1923-இல்தான் வந்தது. நம் மாகாணம் முதலில் பெற்ற உரிமை. இதை ஆரம்பத்திலேயே புரப்போசலோடு எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை ஏஜண்டுகள் இன்று கேட்கிறார்கள்?

இப்போது நாமினி. என் தொழிலில் பாதி உழைப்பு பாரத்தின் இந்த ஒரு கட்டத்தில்தான் போயிருக்கிறது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் டெவலப்மென்ட் ஆபீசர். டி.ஓ. சார் என்போம். நாமினி கட்டத்தில் 'மனைவி' என்று மட்டும் எழுதிய புரப்போசல் அவர் மேஜையைத் தாண்டிப் போகாது. சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பித் தருவார். "ரெண்டு பேரும் ஊருக்கு ஒரே வண்டியிலதானே போறாங்க? போய்க் கேட்டுட்டு வாங்க" என்பார். அந்தக் காலத்தில் எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். வாரக் கடைசி, கோட்டா முடிக்க வேண்டும், இவர் ஒரு கேள்விக்காகப் பத்து மைல் திருப்பி அனுப்புகிறார். ஆனால் கேட்காமல் போன பாரம் எதுவும் எங்கள் குழுவில் கிடையாது.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம்? கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் நாமினி. விபத்தில் இருவரும் போய்விட்டார்கள். யார் முதலில் என்று தெரியவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, மாறாக நிரூபிக்கும் வரை, இளையவர் மூத்தவருக்குப் பின்னும் உயிரோடு இருந்ததாகக் கொள்ளச் சொல்கிறது. பெரும்பாலும் மனைவிதான் இளையவள். பிள்ளை இல்லாத தம்பதி என்றால், உயில் எழுதாத அவள் பணம் 15-வது பிரிவின்படி புருஷனின் வாரிசுகளுக்குப் போகும். அவளே வேலை பார்த்துக் கட்டிய பாலிசியாக இருந்தாலும் பெற்ற தாய்க்கு வராது. தனி பாலிசி இருந்தால் புருஷனுக்கு அடுத்த நாமினியாக அவள் தன் அம்மா பெயரை எழுதலாம். 2015-இல் திருத்திய இன்சூரன்ஸ் சட்டத்தின் 39-வது பிரிவு பெற்றோரையும் முழு உரிமையுள்ள நாமினியாக ஏற்கிறது.

பிள்ளைகள் இருந்தால் வேறு சிக்கல். மைனர் நாமினிக்கு, அவர் சார்பில் பணம் வாங்கும் அப்பாயின்டி வேண்டும். அவரும் கையெழுத்துப் போட வேண்டும். சின்னாளப்பட்டியில் சாயப்பட்டறை வைத்திருந்த ஒருவர் வீட்டில் இந்த வரிக்கு வந்ததும் பேச்சு நின்றுபோனது. இரண்டும் பெண் குழந்தைகள். அவர், "எங்கம்மா பேரைப் போடுங்க சார்" என்றார். அடுப்படியிலிருந்து மனைவி வெளியே வந்தார். "அத்தைக்கு எழுபது வயசாச்சு. புள்ளைங்களுக்குப் பதினெட்டு ஆகிறவரைக்கும் அவங்க இருக்கணும்ல? என் தங்கச்சி பேரைப் போடுங்க." அவர் முகம் மாறியது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் ஏஜண்ட் வாயைத் திறக்கக் கூடாது என்பது டி.ஓ. சார் பாடம். நீங்கள் ஒரு பெயரைச் சொன்னால் அது உங்கள் முடிவாகிவிடும். பின்னால் குடும்பத்தில் சண்டை வந்தால் உங்கள் பெயரும் சேர்ந்து அடிபடும். தேநீர் வந்தது, ஆறியது. கடைசியில் அந்த அம்மாதான் முடித்தார்: "இவர் பாலிசிக்கு இவர் தம்பி. என் பாலிசிக்கு என் தங்கச்சி. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் கணக்குக் கேப்பாங்க." அடுத்த வாரம் தங்கை பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட்டுப் போனார். இரண்டு பாலிசி இருந்ததால்தான் அந்த ஏற்பாடு நடந்தது.

மனைவியின் பாரத்தை மனைவியிடம்தான் கேட்க வேண்டும் என்பதும் டி.ஓ. சார் வைத்த சட்டம். கணவரிடம் கேட்டால், "அவளுக்கு ஒண்ணும் இல்ல சார், நல்லா இருக்கா" என்பார். தைராய்டு மாத்திரை பிரிட்ஜ் மேலேயே இருக்கும். பிரசவம், கருச்சிதைவு, ஆபரேஷன் எல்லாம் அவள் வாயால் வர வேண்டும். முதல் மூன்று ஆண்டுக்குள் கிளெய்ம் வந்தால் கம்பெனி இதையெல்லாம் தோண்டும். இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. இன்று ஆன்லைன் பாரங்களில் மனைவியின் ஆரோக்கியக் கேள்விகளுக்கும் கணவரே 'இல்லை' 'இல்லை' என்று தட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். வயிறு எரிகிறது.

பிரீமியம் மிச்சம் என்கிறீர்களே, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யே இல்லை. டேர்முக்குப் பதினெட்டு சதவீதம் கட்டிய காலம் போய்விட்டது. அந்த மிச்சத்தை மனைவியின் தனி பாலிசிக்குப் போடலாம்.

ஏஜண்டுகளில் இளையவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாலு விடையில் ஒன்றை டிக் அடித்துத் தேர்வு எழுதி ஏஜண்ட் ஆகிறீர்கள். கிளப் மெம்பர்ஷிப், ஷீல்டு, வெளிநாட்டு டூர் போட்டோவை ஸ்டேட்டசில் வைக்கிறீர்கள். கிளெய்ம் வீட்டு வாசலில் மட்டும் உங்களைக் காணவில்லை. இறப்புச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக், வாரிசுச் சான்று என்று தாசில்தார் ஆபீசில் காத்து நிற்கும் பாட்டியோடு ஒரு நாள் நின்று பாருங்கள். நாமினி கட்டத்தை அதன் பிறகு யாரும் அவசரமாக நிரப்ப மாட்டார்கள். மூத்த ஏஜண்டோடு கிளெய்ம் வேலைக்கு அலையாத யாரையும் ஏஜண்டாக நியமிக்கக் கூடாது என்று விதி வர வேண்டும். அந்தப் பையனுக்கும் என் பதில் இதுதான்: பாலிசியை நீயே வாங்கிக்கொள்ளலாம், தம்பி. ஆனால் இன்று ராத்திரி உன் மனைவியிடம் கேள், ரெண்டு பேரும் இல்லையென்றால் யார் பெயர் என்று. அவள் சொல்கிற பெயரை, அவள் பெயரில் இருக்கும் பாலிசியில் எழுது.