யார் வீட்டுச் சரிவு முதலில்?

எங்கள் தெருவுக்குச் சங்கம் கிடையாது. வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு வசதி வாரியம் பகுதி பகுதியாக மனை கொடுத்த காலத்தில் வந்தவர்கள், பிறகு விலைக்கு வாங்கியவர்கள், மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் ஆஸ்பத்திரி ஊழியர்கள், விடிந்ததும் ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் கலந்த தெரு. தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, சந்தா நோட்டும் இல்லை. அமெரிக்காவில் வீட்டுக்காரர் சங்கம் புல் வெட்டாதவருக்கே அபராதம் போடுமாம். இங்கே குப்பை கொளுத்துகிறவரைக் கேட்பதற்கே ஆள் கிடையாது.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. பக்கச் சுவரிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை மாடி கட்டலாம் என்று 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சொல்கின்றன. எல்லை எங்கே என்று புலப்படம் சொல்கிறது. மாநகராட்சிக்கு மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் கலெக்டரிடம் கொடுக்கலாம், கலெக்டர் ஆபீஸும் சத்துவாச்சாரியிலேயேதான். பொதுத் தொல்லை என்றால் கோட்டாட்சியரே உத்தரவு போட முடியும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 152. அந்தப் பழைய பிரிவை வைத்துத்தான் மத்தியப் பிரதேசத்து ரத்லம் ஊர்க்காரர்கள் சாக்கடை நாற்றத்துக்கு எதிராகப் போராடினார்கள். கையில் காசில்லை என்று நகராட்சி தப்பிக்க முடியாது என்று 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார்.

ஆனால் எல்லா மனுவிலும் மனுதாரர் பெயர் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கேதான் தெரு நின்றுவிடுகிறது. காலையில் கொடுத்த மனு சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மறுநாள் பதில் வரும்: “மொதல்ல உங்க வாசலப் பாருங்க சார்.”

அந்தப் பதிலில் நியாயமும் இருக்கிறது. வாசலில் சரிவு போடாத வீடு எது? பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டால் தெரு உயர்கிறது, வீடு தாழ்கிறது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். அதற்கு முன்பே பல வீடுகள் பள்ளத்துக்குள் போயிருந்தன. வீட்டுக்காரர் தரையை ஏற்றிக் கட்டுகிறார். ஏற்றிய தரைக்கு வண்டி ஏற வேண்டுமே! காம்பவுண்டு சுவரைத் தாண்டி, சாக்கடையை மூடி, தெருவுக்குள் இரண்டடி சிமென்ட் சரிவு நீள்கிறது. ஒவ்வொரு சரிவுக்கும் அடியில் சாக்கடை அடைத்துக்கொள்கிறது. எல்லோரும் விதியை மீறியிருப்பதால் யாரும் யாரையும் கேட்பதில்லை. ஒரே ஒருவரைக் கேட்டால் அது விதியாக இருக்காது, வன்மமாகிவிடும்.

தெரு யாருடையதும் இல்லை என்பதற்கு வேலூரே நாடறிந்த சாட்சி. 2022 ஜூனில் பஜார் பக்கம் காளிகாம்பாள் கோயில் தெருவில், நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமல் அதன் சக்கரங்களோடு சேர்த்தே சிமென்ட் சாலை போட்டுவிட்டார்கள். ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்போடு வேறொன்றும் தோன்றியது. பைக்கை அங்கே நிறுத்தியவருக்கும் அதைச் சுற்றிச் சிமென்ட் கொட்டியவருக்கும் தெருவைப் பற்றி இருந்த எண்ணம் ஒன்றுதான்: என் வேலை முடிந்தால் போதும்.

இதே கதையைப் பாலாறு நெடுக, வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை, பெரிய அளவில் பார்த்திருக்கிறோம். தோல் பதனிடும் கழிவுநீர் மதிலைத் தாண்டிவிட்டால் அது தன்னுடையதல்ல என்று ஒவ்வொரு முதலாளியும் நினைத்தார். கீழே கிணறு வைத்திருந்த விவசாயிக்கும் மேலே தொழிற்சாலை வைத்திருந்தவருக்கும் பொதுவான சங்கம் ஏது? வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அபராதம் போடும் அதிகாரம் அந்த நல மன்றத்துக்குக் கிடையாது, கேட்கும் உரிமை மட்டும் உண்டு. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பயிருக்கு ஆகாமல் போனதை அது பதிவு செய்தது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் நம் ஊர் வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தத் தீர்ப்பில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஓர் உத்தரவை. ஐந்து மாவட்டங்களில் இருந்த தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். பெரிய தொழிற்சாலைக்கு அது பொருட்டல்ல. ஆனால் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் என்று ஆகிவிட்டதால், “அவனைக் கேட்டாயா?” என்று திருப்பிக் கேட்க யாருக்கும் வாய் இல்லை.

எங்கள் தெருவில் இப்படி எல்லோரையும் ஒன்றாகக் கேட்டவர் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர். மாநகராட்சி புதுக் கால்வாய் கட்ட அளவெடுத்துப் போன வாரத்தில் வீடு வீடாகப் போனார். “சரிவை இடிங்க” என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. “எல்லாரும் இடிச்சா நீங்களும் இடிப்பீங்களாப்பா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு மாட்டேன் என்று சொல்வது கடினம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாக ஆள் வைத்து உடைத்தோம். இரண்டு வீடுகள் மட்டும் இணங்கவில்லை. ஆனால் நிலைமை தலைகீழாகிவிட்டது. முன்பு எல்லா வாசலிலும் சரிவு, அதனால் யார் கண்ணிலும் அது படவில்லை. இப்போது இரண்டே இரண்டு, போகிற வருகிற எல்லோர் கண்ணும் அங்கேதான். மனுவில் பெயர் எழுத ஒரே நாளில் பதினைந்து பேர் வந்தார்கள். மீறுகிறவர் சிறுபான்மை ஆன பிறகுதான் விதிக்குப் பல் முளைக்கிறது.

முளைத்த பல் விழவும் செய்யும். 1996 தீர்ப்புக்குப் பின்னும் பாலாறு தேறவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி இழப்பீடும் கண்காணிப்பும் குறித்து உத்தரவிட வேண்டியிருந்தது. கேட்பதை நிறுத்தினால் பழைய வழக்கம் தானாகத் திரும்பிவிடும். எங்கள் தெருவிலும் ஒரு வீட்டுக்காரர் சிமென்ட்டுக்குப் பதிலாக இரும்புத் தகடு போட்டிருக்கிறார். “சிமென்ட்தானே கூடாதுன்னீங்க?” என்கிறார். அவரிடம் இந்தத் தடவை யார் போய்க் கேட்பது என்பதுதான் இப்போது தெருவில் பேச்சு. டீச்சரம்மா தான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.