தீப்பெட்டிக்குள் ஒரு பொன்வண்டு

மழை பெய்து ஓய்ந்த காலைப் பொழுது. தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றின் புறத்தே, வேலமரக் கிளையொன்றைச் சிறுவன் ஒருவன் மெல்ல வளைத்தான். சிற்றிலைகளின் ஊடே மரகதத் துளியென ஏதோ மின்னியது. அடுத்த நொடியில் அது அவன் கைக்குள் இருந்தது. தலையை அடுத்த பகுதியில் ஒளிரும் பச்சை. முதுகை மூடிய சிறகுறைகளில் செம்பழுப்பு மெருகு. அவன் நெடுநாள் தேடிய பொன்வண்டு அது.

வெற்றுத் தீப்பெட்டி ஒன்று வண்டுக்கு வீடாயிற்று. கொடுக்காப்புளி இலை உணவாயிற்று. பள்ளி இடைவேளையில் தோழர்கள் சூழ்ந்து நின்று பார்த்தனர். சில நாள்களில் பெட்டிக்குள் வெளிறிய முட்டையொன்று கிடந்தது. சிறுவனின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. குளிர் தாக்காதிருக்கப் பஞ்சு வைத்தான். காலையும் மாலையும் திறந்து பார்த்தான். ஆயினும், வண்டு ஒருநாள் அசைவற்றுப் போயிற்று. முட்டையும் சுருங்கிக் காய்ந்தது. கண்கலங்கி நின்ற பேரனிடம் அப்பத்தா, “வெதைய டப்பாவுக்குள்ள வச்சா மொளைக்குமாய்யா? மண்ணுல கெடந்தாத்தானே மொளைக்கும்?” என்றாள்.

உழவு அறிந்தவளின் அச்சொல், பொன்வண்டின் வாழ்வுக்கும் முற்றும் பொருந்துவதாகும். இயற்கையில் பெண்வண்டு தன் முட்டைகளை மண்ணில் இடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு, நிலத்தடியில் வேர்களைத் தின்று வளர்கிறது. அதற்கு நிறமில்லை, சிறகில்லை, கதிரொளியும் இல்லை. பலமுறை தோலுரித்து, மாதங்கள் பலவற்றை அவ்விருளிலேயே கழிக்கிறது. பின்னர்க் கூட்டுப்புழுவாகி உருமாறி, மழை நனைத்த மண்ணைக் கீறிக்கொண்டு வண்டாக மேலே வருகிறது. அதன்பின் அது வாழ்வது சில வாரங்களே. இலையுண்டு, இணைசேர்ந்து, மீண்டும் மண்ணில் முட்டையிட்டு மடிகிறது. நாம் கண்டு வியக்கும் பொலிவு, ஒரு நீண்ட வாழ்வின் இறுதிப் பகுதி மட்டுமே.

அப்பொலிவும் வியப்புக்குரியதே. பொன்வண்டில் பொன்னும் இல்லை. பச்சைச் சாயமும் இல்லை. அதன் மேலோடு மிக மெல்லிய பல அடுக்குகளால் ஆனது. அவ்வடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கூடும்போது, சில நிறங்கள் வலுப்பெறுகின்றன, சில மங்குகின்றன. பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறுவது இதனால்தான். ஓட்டைப் பொடித்துவிட்டால் அடுக்குகள் சிதையும், ஒளிர்வும் மறையும்.

சாயமன்று ஆதலின், வண்டு இறந்த பின்னும் அந்நிறம் எளிதில் மங்குவதில்லை. முகலாயர் காலத்திலேயே இந்தியாவில் வண்டுகளின் சிறகுறைகளை ஆடைகளில் வைத்துத் தைத்தனர். 1888ஆம் ஆண்டு லண்டனில் மேக்பெத் நாடகத்தில் நடித்த எல்லன் டெரி அணிந்த பச்சை ஆடையில் ஏறத்தாழ ஆயிரம் சிறகுறைகள் பதிக்கப்பட்டிருந்தன. நூறாண்டு கடந்தும் அவ்வாடை பாதுகாக்கப்படுகிறது. மனிதர் நிறத்தைப் பாதுகாக்கக் கற்றுக்கொண்டனர். உயிரைப் பாதுகாப்பதோ வேறொரு கல்வி.

அக்கல்விக்கு முதற்பாடம் மண்ணே. வேலமரத்தை வெட்டினால் வண்டுக்கு இலை இல்லை. வேரை அகழ்ந்தால் புழுவுக்கு உணவு இல்லை. நிலத்தைக் காரையிட்டு மூடினால் மேலே வரும் வழியும் இல்லை. முள்ளும் புதருமாய்க் கிடக்கும் நிலத்தைப் பயனற்றது என்று எண்ணுகிறோம். அடுத்த மழைக்கு மின்ன வேண்டிய வண்டுகள் அதற்கடியில் வளர்ந்துகொண்டிருக்கக் கூடும்.

மறு ஆண்டும் மழை பெய்தது. தீப்பெட்டிக்குள் பழைய வண்டின் சிறகுறை அப்போதும் மின்னிக்கொண்டிருந்தது. சிறுவன் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலமரத்தடிக்குச் சென்றான். கிளையில் பொன்வண்டு ஒன்று இலையைக் கடித்துக்கொண்டிருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அது பறந்து செல்லும் வரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.