ஆவாரையும் அன்னையும்

பலமனேர் கடலைக் காணாத ஊர். சித்தூரிலிருந்து மொகிலிக் கணவாயின் மேலேறி வந்தால் இரண்டாயிரம் அடிக்கு மேற்பட்ட மேட்டுநிலம்; செம்மண், பாறை, தக்காளித் தோட்டம். நாகப்பட்டினத்துக் கடலோரத்தில் வாழ்ந்த என் தாயார், தந்தையார் மறைந்தபின் 1994ஆம் ஆண்டு என்னோடு வந்து தங்கினார். தெலுங்கு அறியார். முதற் சில திங்கள் அவர் வாய் திறந்ததே அரிது. காற்றில் உப்பே இல்லை என்று மட்டும் அவ்வப்போது சொல்வார்.

ஒருநாட் காலை அவரை வீட்டில் காணவில்லை. பதறித் தேடினேன். வீட்டின் பின்னிருந்த வெற்றுமனையில், மஞ்சள் பூத்த புதரொன்றின் அருகே நின்றிருந்தார். "தம்பி, இது நம் ஊர் ஆவாரை அல்லவா?" என்றார்.

ஆம், ஆவாரைதான். கடற்கரை மணலிலும் முளைக்கும். மழை குன்றிய இந்த மேட்டிலும் தழைக்கும். குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் மலர்களுள் ஆவிரையும் ஒன்று. தென்னாட்டுத் தோல் தொழில் நெடுங்காலம் இதன் பட்டையை நம்பி நின்றது. வெளிநாட்டு வாட்டில் பட்டை பின்னரே வந்து இடம் பிடித்தது. அடுத்த வீட்டு அம்மையார் அப்பக்கம் வந்து, பூவைக் காட்டித் "தங்கேடு" என்றார். என் தாயார் கற்ற முதல் தெலுங்குச் சொல் அதுவே. (2014இல் உருவான தெலங்கானா, இம்மலரையே தன் மாநில மலராகக் கொண்டுள்ளது.) அன்று முதல் இருவரும் பூப்பறித்து உலர்த்துவதும், கருப்பட்டியிட்டுக் காய்ச்சிக் குடிப்பதுமாயினர். என் மனத்திலிருந்த பாரம் ஒருவாறு இறங்கிற்று.

அப்புதரைச் சுற்றி ஓர் உலகமே இயங்குவதை அம்மாதான் எனக்குக் காட்டினார். ஆவாரம்பூவில் தேன் இல்லை, மகரந்தமே விருந்து. அதுவும் எளிதில் கிட்டாது. மகரந்தப்பையின் நுனியில் ஒரு சிறு துளைதான் உண்டு. பெரிய கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச்செய்து ரீங்கரித்தால், மகரந்தம் அத்துளை வழியே உதிரும். இலையிணைகளுக்கு நடுவே சிறு சுரப்பிகள் உண்டு; எறும்புகள் அவற்றை நாடி வரும். வெளிர்பச்சை கலந்த வெண்ணிறப் பட்டாம்பூச்சியொன்று கொழுந்தில் முட்டையிடும். ஆங்கிலேயர் அவ்வினத்துக்குக் 'குடிபெயர்வோர்' என்று பொருள்படும் பெயரிட்டனர். அம்மாவிடம் சொன்னபோது, "நம்மைப் போலவா?" என்று சிரித்தார்.

இனி நான் சொல்ல நாணுவது. 1996ஆம் ஆண்டு மழைக்குப்பின் பச்சைப் புழுக்கள் பெருகின. புதர் நாளுக்கு நாள் மொட்டையாயிற்று. அம்மாவின் செடி அழிகிறதே என்று அஞ்சி, அவர் கோயிலுக்குச் சென்றிருந்த வேளையில், தக்காளிக்குத் தெளிக்கும் மருந்தை வாங்கிவந்து தெளித்தேன். அவர் திரும்பியபோது தரையெங்கும் புழுக்கள் சுருண்டு கிடந்தன. கருவண்டு ஒன்றும் கால் மடங்கிக் கிடந்தது. அம்மா கடிந்துகொள்ளவில்லை. முறத்தை எடுத்துவந்து அவற்றை வாரி, குழி தோண்டிப் புதைத்தார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பின்னர் செடி துளிர்த்தது. புழு தின்றாலும் அது துளிர்த்திருக்கும். எனக்குத்தான் அது தெரிந்திருக்கவில்லை. அவ்வாண்டு முழுவதும் அம்மனையில் ஒரு பட்டாம்பூச்சியையும் நான் காணவில்லை.

2003இல் மனை விலைபோயிற்று. இயந்திரம் வருமுன், தட்டையான பழுப்பு நெற்றுக்களைப் பறித்து முந்தானையில் முடிந்துவைத்தார் அம்மா. விதைத்தோல் கடினம், வெந்நீரில் ஊறவைத்து எங்கள் சுற்றுச்சுவரோரம் ஊன்றினார். இரண்டு செடிகள் பிழைத்தன. 2007இல் அம்மா மறைந்தார்.

அடுத்த வீட்டு அம்மையார் இன்றும் பூப்பறிக்க வருகிறார். எனக்கும் ஒரு பிடி கொடுத்துச் செல்கிறார். சென்ற ஐப்பசியில் நீர் வார்க்கும்போது, கொழுந்திலையின்மேல் அரிசி நொய் போன்ற வெள்ளை முட்டையொன்று நிமிர்ந்து நின்றது. நீர்க்குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியை எடுத்துவர உள்ளே ஓடினேன்.