நான்கு வட்டுகளும் ஒரு குரலும்

எங்கள் வீட்டு அலுமாரியிலே காணி உறுதிகளும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் இருக்கும் தட்டில், பதினைந்து ஆண்டுகளாக ஒரு கடித உறையும் இருந்து வந்தது. அதனுள்ளே நான்கு டி.வி.டி. வட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் 1, 2, 3, 4 என்று என் கையாலே இலக்கமிட்டிருந்தேன். வீட்டைத் துப்புரவு செய்யும் போதெல்லாம், "இது இன்னும் என்னத்துக்கு?" என்று என் மனைவி கேட்பதும், "கிடக்கட்டும்" என்று நான் சொல்வதும் வழக்கம். அந்த வட்டுகளுக்கு வேலை வந்த கதையையே இங்கு சொல்லப் போகிறேன். கணனி வைத்திருக்கும் குடும்பத்தினருக்கும், சிறப்பாக மாணவருக்கும், இதில் ஒரு பாடம் உண்டு என்பது என் எண்ணம்.

2010ஆம் ஆண்டிலே நான் ஒரு மடிக்கணனி வாங்கினேன். விண்டோஸ் 7 என்னும் இயங்குதளம் ஆலையிலேயே அதிற் பதியப்பட்டிருந்தது. இயங்குதளம் என்பது யாது? திரை, வன்தட்டு, விசைப்பலகை முதலிய உறுப்புகளையெல்லாம் ஒன்றிணைத்து, நாம் இடும் ஏவலை அவை செய்யுமாறு நடத்தும் அடிப்படை மென்பொருளே அது. அஃது இல்லாத கணனி உயிர் நீங்கிய உடல் போன்றது. கடைக்காரர் பெட்டியை என் கையிலே தரும்போது, "ஒரு கிழமைக்குள்ளை மீட்பு வட்டுகளை எடுத்து வையுங்கோ, மாஸ்டர்" என்று சொல்லி அனுப்பினார்.

அக்காலத்துக் கணனிகள் பலவற்றோடு வட்டு எதுவும் தரப்படுவதில்லை. அதற்குப் பதிலாக, வன்தட்டின் ஒரு பகுதியை மறைவாக ஒதுக்கி, இயங்குதளத்தின் மூலப்பிரதியை அதனுள்ளே வைத்துவிடுவார்கள். அதனை வட்டுகளிலே பிரதி செய்துகொள்வது வாங்கியவரின் பொறுப்பு. ஒரு வட்டிலே 4.7 ஜிகாபைட் அளவே அடங்கும். ஆதலால் நான்கு வட்டுகள் வேண்டியிருந்தன. ஒரு மாலைப்பொழுது முழுவதும் அதற்குச் செலவாயிற்று.

அந்தக் கணனி பல ஆண்டுகள் எனக்கு உழைத்தது. வினாத்தாள்களும் புள்ளிப் பட்டியல்களும் அதிலேதான் உருவாயின. பின்னர் புதியதொரு கணனி வந்தது. பழையது மேசையின் ஓரத்துக்குச் சென்றது. 2025ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில், என் இளைய மகள் தமிழ்த் தட்டெழுத்துப் பழகுவதற்கு அதனை எடுத்துக் கொடுக்கலாம் என்று எண்ணித் திறந்தேன். கரிய திரையும், இயங்குதளத்தைத் தொடக்க இயலவில்லை என்னும் பொருள்பட ஆங்கிலத்திலே ஒரு வரியுமே தோன்றின. பலமுறை முயன்றும் பயனில்லை.

அப்பொழுதுதான் அலுமாரியிலிருந்த உறை என் நினைவுக்கு வந்தது. பதினைந்து ஆண்டு முன்யோசனை பலித்தது என்ற பெருமிதத்தோடு முதலாம் வட்டைச் செருகினேன். கணனி உயிர்பெற்று, ஆலையிலிருந்து வந்த நிலைக்கே தன்னை மீட்கலாம் என்று அறிவித்தது. அடுத்த திரையில் ஓர் எச்சரிக்கை: வன்தட்டில் உள்ளன யாவும் அழிக்கப்படும், தொடரலாமா? தொடரலாம் என்று சொல்வதற்கு என் விரல் விசையின் மேலே இருந்தது.

"இஞ்சேருங்கோ, மாமாவின்ரை படிப்பெல்லாம் இதுக்குள்ளை தானே கிடக்குது?" என்றாள், பின்னாலே நின்ற என் மனைவி.

என் கை தானாகவே விலகியது.

என் தந்தையார் எங்கள் ஊர்க் கோயிலிலே கந்தபுராணத்துக்குப் பயன் சொல்லி வந்தவர். ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க, மற்றொருவர் அதன் பொருளை விரித்துரைக்கும் புராணபடன மரபினை யாழ்ப்பாணத்தார் நன்கு அறிவர். முதுமையினாற் கோயிலுக்குச் செல்ல இயலாது போன பின்னர், 2013ஆம் ஆண்டிலே, பத்து மாலைகள் அவரை வீட்டு விறாந்தையில் இருத்திப் பயன் சொல்லச் செய்து, அந்தக் கணனியிலே குரற்பதிவு செய்தேன். மறு ஆண்டு அவர் காலமானார். அப்பதிவுகளைப் பிரதி செய்ய வேண்டும் என்று ஆண்டுதோறும் நினைத்தேன்; செய்தேனில்லை. கடையிலே வாங்கக்கூடிய மென்பொருளுக்கு முதற்கிழமையிலேயே நான்கு வட்டுகள் எடுத்த நான், எங்கும் வாங்க இயலாத ஒரு குரலுக்கு ஒரு வட்டேனும் எடுக்கவில்லை!

கொழும்பிலே கணனித் துறையிற் பணியாற்றும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். அவரை அழைத்தேன். அவர் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்தார். உபுண்டு என்னும் மற்றோர் இயங்குதளம் அதிலே இருந்தது. கணனியின் வன்தட்டிலே எதனையும் பதியாமல், பென்டிரைவிலிருந்து நேரே இயங்கவல்லது அது. விண்டோஸ் எழும்பாவிடினும், வன்தட்டிலே கோப்புகள் அப்படியே இருக்கலாம் என்பதை அன்று நான் கண்ணாரக் கண்டேன். பத்துப் பதிவுகளின் பெயர்களும் திரையிலே வரிசையாகத் தோன்றின.

ஒன்பது முழுமையாக வந்தன. ஒன்பதாம் நாட் பதிவு மட்டும் பாதியிலே நின்றது. "தட்டிலை பழுது விழத் தொடங்கியிட்டுது, சேர்" என்றார் மாணவர். சூரன் மாமரமாகி நிற்கும் இடம் வரையிலே குரல் கேட்கிறது. வேல் சென்று அம்மரத்தைப் பிளந்ததை என் தந்தையார் எவ்வாறு சொன்னார் என்பதை இனி நான் கேட்க இயலாது.

வன்தட்டே பழுதானமையால், அதனுள் மறைந்திருந்த மூலப்பிரதியையும் நம்ப முடியாதாயிற்று. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளே வைத்துப் பூட்டியது போன்ற நிலை அது. மீட்பு வட்டு வெளியே இருக்கவேண்டியதன் காரணம் இதுவே. பழையதற்குக் குறையாத கொள்ளளவுடைய புதிய தட்டு ஒன்றைப் பொருத்தி, வட்டுகளை ஒவ்வொன்றாக இட்டோம். மூன்றாம் வட்டு சிறிது இடர் செய்தது. மெல்லிய துணியாலே துடைத்து, மூன்றாம் முறை இட்டபோது இணங்கிற்று. நாம் வீட்டிலே பதியும் வட்டுகளிற் செய்தி தங்குவது ஒரு சாயப் படலத்திலேயாம். வெயிலும் வெப்பமும் அதனைக் கெடுக்கும். அலுமாரியின் இருள் அவற்றைக் காத்தது போலும்.

இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் கணனி தன் முதல் நாளுக்குத் திரும்பியது. முன்பின் அறியாதவர் போல என் பெயரைக் கேட்டது. திறவெண் எதனையும் கேட்கவில்லை. தயாரிப்பாளர் இட்ட அடையாளம் கணனியின் உள்ளேயே பதிந்திருப்பதால், அவர்தம் வட்டு அதனைத் தானே கண்டுகொள்ளும். 60 நாட்களுக்கு இலவசம் என்று 2010இல் வந்த நச்சுநிரல் காவலனும், ஒன்றும் நடவாதது போலத் திரும்பி வந்து நின்றான். எல்லாம் அன்றிருந்தபடியே இருந்தன. நான் இட்டுவைத்தவை மட்டும் அங்கே இல்லை.

மீட்பு என்னும் சொல்லிலே நாம் மயங்கிவிடுகிறோம். மீட்பு வட்டு மீட்பது இயந்திரத்தை. நம் வாழ்வை அன்று. அதற்கு வேறொரு பிரதி வேண்டும்.

மாணவ நண்பர்களே, இன்றைய மடிக்கணனிகளில் வட்டுச் செருகும் இடமே அருகிவிட்டது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றிலே, 16 ஜிகாபைட்டுக்குக் குறையாத பென்டிரைவ் ஒன்றில் மீட்புப் பிரதியை எடுத்துக்கொள்ளலாம். அதில் முன்பிருந்தவை அழிந்துபோகும். ஆதலால் வெறும் பென்டிரைவையே பயன்படுத்துக. உங்கள் கோப்புகள் அதிலே சேரமாட்டா என்பதையும் மறவாதீர்கள். அவற்றை வேறொரு தட்டிலும், இயலுமாயின் வேறொரு வீட்டிலும் வைத்தல் நன்று. பழமைக்கு மீண்ட கணனியிலே பழைய குறைகளும் மீளும். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14ஆம் திகதியோடும், விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடும் நின்றுவிட்டன. ஆகவே எங்கள் பழைய கணனியை நான் இணையத்தோடு இணைப்பதில்லை. மகள் அதிலே தட்டெழுத்துப் பழகுகிறாள்.

உறை மீண்டும் அலுமாரிக்குச் சென்றுவிட்டது. நான்கு வட்டுகளோடு ஐந்தாவதாக ஒரு பென்டிரைவும் இப்பொழுது அதில் இருக்கிறது. அதன் மறுபிரதி என் தங்கை வீட்டிலே இருக்கிறது. சென்ற தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவு செய்தபோது, என் மனைவி அந்த உறையை எடுத்துத் தூசி தட்டி, இருந்த இடத்திலேயே வைத்தாள். என்னத்துக்கு என்று கேட்கவில்லை.